தளத்துக்கும் வயதாகிறது: மொரீஷியஸில் கூரையும் பென்ஷனும் ஒரே நேரத்தில் வந்து நிற்பது ஏன்?

மொரீஷியஸில் எந்த ஊருக்குள் போனாலும் மொட்டை மாடிகளில் இரும்புக் கம்பிகள் நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். வீடு கட்டி முப்பது வருடம் ஆகியிருக்கும். சுவருக்கு நாலு தடவை வண்ணம் அடித்திருப்பார்கள். ஆனால் தூண்களின் தலையில் மட்டும் நான்கு நான்காகக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கேட்டால் "பிள்ளைகளுக்கு" என்பார்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி எழுப்பிக்கொள்வான் என்ற கணக்கு. என் வீட்டில் ஒன்பது தூண், 36 கம்பி.

நான் 1964-ல் பிறந்தவன். மயேபூர் பக்கம், கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு. 1989 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தளம், அதாவது கான்கிரீட் கூரை, போட்டோம். அப்போது எனக்கு 25 வயது, துணி ஆலையில் தையல் மெஷின் மெக்கானிக். மனைவி அதே ஆலையில் தையல் வேலை. எனக்கு 53 வயதானபோது, 2017-ல், சமையலறைக் கூரையிலிருந்து தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கான்கிரீட் சில்லு அடுப்பு மேடையில் வந்து விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மூன்று கம்பிகள், காவி நிறத்தில், ஊதிப்போய்த் தெரிந்தன.

எங்கள் தெருவில் மட்டும் அதே நாலைந்து வருடத்துக்குள் ஆறு வீடுகளில் இது நடந்தது. எல்லாம் 1980-களில் கட்டியவை, எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. இந்த நாட்டில் ஒரு தளம் தாங்கும் காலமும் அதைப் போட்டவர் சம்பளம் வாங்கும் காலமும் ஏறக்குறைய ஒரே நீளம். அதனால் கூரைச் செலவையும் ஓய்வுக்காலத்தையும் தனித்தனியாகத் திட்டமிட முடியாது. 2025-க்குப் பிறகு சுத்தமாக முடியாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வைக்கோலும் தகரமும் போய் கான்கிரீட் வந்த கதை

1960 இந்தத் தீவை மாற்றிய வருடம். ஜனவரியில் அலிக்ஸ் புயல். அதன் காயம் ஆறுவதற்குள் பிப்ரவரி கடைசியில் கரோல். மணிக்கு 256 கிலோமீட்டர் வேகம் வரை காற்று வீசியது. மரச்சுவர், வைக்கோல் கூரை, தகரக் கூரை வீடுகள் ஆயிரக்கணக்கில் போயின. அதன் பிறகுதான் அரசு மத்திய வீட்டு ஆணையத்தை வைத்து 'சித்தே' எனப்படும் குடியிருப்புகளைக் கட்டியது. 1975-ல் ஜெர்வேஸ் புயல் 280 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, தப்பியிருந்த தகரங்களையும் தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு கையில் நாலு காசு சேர்ந்தவர் எவரும் தகரம் போட நினைக்கவில்லை.

அவர்கள் பயந்தது சரியா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 256 கிலோமீட்டர் வேகக் காற்று தட்டையான கூரையின் மேல் ஓடும்போது, தோராயமாக ஒவ்வொரு சதுர மீட்டரையும் 300 கிலோ அளவுக்கு மேல்நோக்கி உறிஞ்சும். ஓரங்களிலும் மூலைகளிலும் இன்னும் அதிகம். தகரத்தின் எடை சதுர மீட்டருக்கு நாலைந்து கிலோதான். அதைப் பிடித்து வைப்பது ஆணியும் மரமும் மட்டுமே. ஐந்து அங்குலத் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 300 கிலோ. அதாவது தன் எடையாலேயே கரோலுக்கு ஈடுகொடுத்து உட்கார்ந்திருக்கும். கணக்கு தெரியாமலேயே நம் பெற்றோர் சரியான முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

தட்டைக் கூரை இந்தப் பக்கத் தீவுகளுக்குப் புதிதும் அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ்க் கொத்தனார்கள்தான் போர்ட் லூயிஸின் ஆரம்பகாலக் கல் கட்டடங்களில் வேலை செய்தவர்கள். பக்கத்துத் தீவான ரீயூனியனில் வில்லேல் அருங்காட்சியகமாக இருக்கும் பழைய தோட்ட மாளிகையில் சுண்ணாம்பும் செங்கல் தூளும் சேர்த்து இடித்துச் செய்த தட்டைக் கூரை உண்டு. 'ஆர்கமாஸ்' என்பார்கள். தமிழ்நாட்டுப் பழைய மச்சு வீடுகளின் தளத்தைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகவே தெரியாது.

1980-களில் ஏற்றுமதி ஆலைகள் பெருகின. கணவன் மனைவி இருவருக்கும் சம்பளம் வந்தது. எங்களைப் போன்றவர்கள் வீட்டைத் தாங்களே கட்டினோம். தாங்களே என்றால், ஒரு மாதம் சிமெண்ட், ஒரு மாதம் கல், ஒரு மாதம் கம்பி என்று வாங்கிக் குவித்து, சனி ஞாயிறுகளில் உறவுக்காரர்களோடு சேர்ந்து கட்டுவது. தளம் போடும் நாளுக்குக் கிரியோல் மொழியில் 'கூலே தால்' என்று பெயர். விடியற்காலை நாலு மணிக்குச் சொந்தமும் அக்கம்பக்கமும் வந்துவிடும். தமிழர், போஜ்பூரிக்காரர், முஸ்லிம், கிரியோல் எல்லாரும் வாளி கைமாற்றும் வரிசையில் நிற்பார்கள். பதினொரு மணிக்குள் தளம் நிரம்ப வேண்டும். பிறகு பிரியாணி. கூலி கிடையாது, அடுத்த ஞாயிறு அவர் வீட்டுத் தளத்துக்கு நாம் போக வேண்டும், அவ்வளவுதான். இது எவ்வளவு பெரிய சேமிப்புத் திட்டம் என்பது இப்போது கான்கிரீட்டை மேலே ஏற்றும் பம்பு லாரிக்குப் பணம் கட்டும்போதுதான் புரிகிறது.

மணலில் இருந்த உப்பு

கம்பி கான்கிரீட்டுக்குள் இருக்கும் வரை துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். இரண்டு விஷயங்கள் அந்தப் படலத்தைக் கெடுக்கும். ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைப்பது. இன்னொன்று உப்பு. காப்பு போனபின் கம்பி துருவாக மாறும்போது, பழைய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். அடுப்பு மேடையில் விழுந்த சில்லு அப்படி வந்ததுதான்.

கடல் பக்கத்தில் இருந்தால் உப்புக் காற்று வரத்தான் செய்யும். எங்கள் தளங்களில் நடந்தது அதற்கும் மேல். 2001-ல் தடை வரும் வரை இந்த நாட்டில் கட்டட மணல் என்றாலே பெரும்பாலும் கடற்கழியில் படகு வைத்து அள்ளிய பவள மணல். மயேபூர், கிழக்குக் கடற்கரை ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் அதை வைத்தே பிழைத்தன. வெள்ளை மணல், பார்க்க அழகாக இருக்கும். நன்றாகக் கழுவ வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? இரண்டு மழையில் நனையட்டும், உப்பு போய்விடும் என்றார்கள். நானும் நம்பினேன். உப்பு போகவில்லை. நாங்களே கையால் கலந்து எங்கள் கூரைக்குள் வைத்துக் கட்டினோம். இப்போது பயன்படுத்துவது கருங்கல்லை உடைத்த 'ரோக்சாண்ட்', தமிழ்நாட்டில் எம்-சாண்ட் என்கிறீர்களே அதேதான். 2001-க்குப் பிறகு கட்டியவர்களுக்கு இந்த ஒரு கவலை குறைவு.

கூடவே வேறு தவறுகளும் இருந்தன. கம்பிக்குக் கீழே கவர் பிளாக், அதாவது கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சின்னக் கட்டை, வைக்கவில்லை. சில இடங்களில் கம்பிக்கும் அடிப்பரப்புக்கும் நடுவே ஒரு விரல் கனம்கூடக் கிடையாது. மேலே வாட்டம் கொடுக்கவில்லை, மழைநீர் குட்டையாக நின்றது. "நாளைக்கு மேலே மாடி வரப்போகிறது, எதற்கு வாட்டர்புரூஃப்?" என்று அதையும் விட்டோம். இந்தப் பேச்சை எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! வராத மாடியை நம்பி, இருக்கிற கூரையை நனைய விட்டோம். அந்த நீட்டிய கம்பிகளும் சும்மா நிற்கவில்லை. அவற்றின் ஓரமாகத்தான் தண்ணீர் தூணுக்குள் இறங்கியது.

உங்கள் தளம் எப்படி இருக்கிறது என்று பார்க்க முதலில் ஒரு சுத்தியல் போதும். ஏணி வைத்து ஏறி, கூரையின் அடிப்பக்கத்தை ஒரு சாண் இடைவெளியில் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல கான்கிரீட் 'டண்' என்று கெட்டியாகச் சொல்லும். உள்ளே பிரிந்திருந்தால் காலிப் பானையைத் தட்டியது போல 'பொத்' என்று கேட்கும். கேட்ட இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். நான் தட்டி முடித்தபோது சமையலறை, பூஜை அறை, குளியலறை மூன்றும் வெள்ளைக் கோடாக இருந்தன. முன்பக்கக் கூடத்தில் இரண்டே இடம்.

அடுத்த சோதனைக்குப் பள்ளிக்கூடத்து ஃபினால்ஃப்தலீன் வேண்டும். கான்கிரீட்டைப் புதிதாக உடைத்த பரப்பில் அதைத் தெளித்தால், காரம் இருக்கும் பகுதி ரோஜா நிறமாகும், காரம் போன பகுதி நிறம் மாறாமல் நிற்கும். வந்து பார்த்த இஞ்ஜினியர் எங்கள் சமையலறையில் உடைத்த துண்டில் தெளித்தார். மேலே பளிச்சென்று ரோஸ். கீழிருந்து ஒரு அங்குலம் வெறும் சாம்பல். கம்பி அந்தச் சாம்பலுக்குள் இருந்தது. உப்பை இந்தச் சோதனை காட்டாது. அதற்குத் தூள் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

2017-ல் நான் செய்தது அவசர வைத்தியம். ஒரு ஒப்பந்தக்காரர் வந்து, உடைந்த இடத்தைச் சுரண்டி, துருவை மேலாகத் தேய்த்து, பூசி, வண்ணம் அடித்துவிட்டு "இருபது வருடம் கவலை இல்லை" என்றார். நாலே வருடத்தில் பூசிய இடத்தைச் சுற்றி வட்டமாக உடைந்தது. உப்பு கலந்த தளத்தில் இது எதிர்பார்க்க வேண்டியதே. ஒரு இடத்தில் மட்டும் நல்ல சாந்து வைத்தால், அரிப்பு அங்கே நின்று, ஒட்டினாற்போல் பக்கத்தில் வேகமாகத் தொடங்கும். எங்கள் தெரு வயதான கொத்தனார் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு இரண்டே வரி சொன்னார்: "பூச்சை மாத்தலாம் தம்பி. மணலை எப்படி மாத்துவே?"

அதனால் 2022-ல் பின்பக்கம் 40 சதுர மீட்டர் தளத்தை முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். இறக்கிய கான்கிரீட் 12 டன். முன்பக்கத்தில் கெட்ட இரண்டு இடங்களைக் கம்பியின் முதுகுப்பக்கம் வரை உடைத்து, துருவை முழுக்க எடுத்து, பாலிமர் சாந்தால் அடைத்தோம். பழைய தளத்தில் கம்பிகள் முன்னிருந்து பின்வரை தொடர்ச்சியாக ஓடும். பாதியை வெட்டினால் மீதிப் பாதியின் பலமும் மாறும். இஞ்ஜினியர் சொல்லாமல் இதில் கை வைக்கக் கூடாது. இந்த அளவு வேலைக்கு உள்ளூராட்சியிடம் அனுமதியும் வாங்க வேண்டும். புதுத் தளத்தில் கவர் பிளாக், வைப்ரேட்டர், வாட்டம், பத்து நாள் பாத்தி கட்டித் தண்ணீர், கடைசியில் தார்ப்படலம் என எதையும் விடவில்லை. ஜூலையில் தொடங்கி அக்டோபருக்குள் முடித்தோம். நவம்பர் வந்தால் புயல் காலம்.

பணம் எங்கிருந்து வரும்?

மொரீஷியஸின் முதியோர் பென்ஷன் பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு. 1950-ல் ஏழைகளுக்கென்று தொடங்கி, 1958-லிருந்து வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும் என்றானது. சுதந்திரத்துக்குப் பத்து வருடம் முன்பே! சந்தா கட்டியிருக்க வேண்டியதில்லை. வயலில் வேலை செய்த ஆயாவுக்கும், வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போகாத அக்காவுக்கும் 60 வயதில் தன் பேரில் பணம் வந்தது. அந்த ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும். தொகையும் ஏறியது. 2014 டிசம்பரில் 5,000 ரூபாய், 2020 ஜனவரியில் 9,000, அதன் பிறகும் கூடியது.

ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயது 2008 தொடங்கிப் பத்து வருடத்தில் 60-லிருந்து 65 ஆனது. பென்ஷன் வயது மட்டும் 60-லேயே நின்றது. இதனால் ஒரு ஐந்து வருட ஜன்னல் திறந்தது: 60 முதல் 65 வரை சம்பளமும் வரும், பென்ஷனும் வரும். தளம் பழுது, மகள் கல்யாணம், பழைய கடன் எல்லாம் அந்த ஜன்னல் வழியாகத்தான் தீர்ந்தன என்பதை நான் என் ஊரில் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் கதையும் அதுதான். 2022-ல் எடுத்த கூரைக் கடன் எனக்கு 65 ஆவதற்குள் முடிகிறது. 2024-ல் 60 ஆனதும் வந்த பென்ஷன் அப்படியே அந்தக் கடனுக்குப் போகிறது; வீட்டுச் செலவு சம்பளத்தில்.

2025 ஜூன் பட்ஜெட்டில் அந்த ஜன்னலைச் சாத்தத் தொடங்கினார்கள். பென்ஷன் வயது செப்டம்பரிலிருந்து படிப்படியாக 65-ஐ நோக்கிப் போகிறது. முதியவர்கள் கூடுகிறார்கள், உழைப்பவர்கள் குறைகிறார்கள், அரசின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் மனைவி 1967-ல் பிறந்தவள். எங்கள் இருவருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். 60-ல் எனக்குக் கிடைத்தது அவளுக்கு 60-ல் கிடைக்காது. 2005-ல் உலக ஜவுளி ஏற்றுமதி ஒதுக்கீட்டு (கோட்டா) முறை முடிந்தபோது ஆலைகள் மூடின, அவள் வேலையும் போனது. தேசிய ஓய்வூதிய நிதியில் சந்தா கட்டிய வருடங்களும் அதோடு நின்றன. அந்த நிதியிலிருந்து வருவது கட்டிய அளவுக்குத்தான். இவளைப் போல எத்தனை ஆயிரம் பெண்கள் அந்தத் தலைமுறையில் இருக்கிறார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

இப்போது ஐம்பதுகளில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று. கூரையை 60-க்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பழைய கணக்கு இனி ஓடாது. 52, 53-லேயே சுத்தியலை எடுத்துத் தட்டிப் பாருங்கள். கடன் வாங்கினால் அது முடியும் தேதி கடைசிச் சம்பளத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பணிக்கொடையை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்றால், 30 வருட உழைப்புக்கு ஒன்றேகால் வருடச் சம்பளம் அளவுக்குத்தான் வரும். அதில் தளம் போட்டுவிட்டால் ஒரு ஆபரேஷனுக்குக்கூட மிச்சம் இருக்காது. 2020-ல் வந்த கைமாற்றத்தக்க பணிக்கொடை நிதியால் வேலை மாறினாலும் அந்தப் பணம் கூடவே வருகிறது, நல்லதுதான். ஆனால் அதை உடம்புக்கு வையுங்கள்.

கரும்புத் தோட்ட வேலையிலிருந்து 2001-ல் விருப்ப ஓய்வு வாங்கிய என் மச்சானுக்குப் பணத்தோடு 7 பேர்ஷ் நிலமும் கொடுத்தார்கள், தமிழ்நாட்டுக் கணக்கில் ஏழே கால் சென்ட். சிலருக்கு அந்த நிலம் கைக்கு வர வருடக்கணக்கானது. மச்சான் பணத்தைத் தொடாமல் நிலம் வரும் வரை காத்திருந்து, அதில் சின்னதாக, மாடி எண்ணமே இல்லாமல், வாட்டம் கொடுத்த ஒற்றைத் தளம் போட்டார். அன்று அவரைக் கஞ்சன் என்றோம். அவர் தளம் இன்றும் சொட்டவில்லை. வருமானம் குறைந்த குடும்பங்கள் தளம் போட அரசு மானியமும் உண்டு, அரசு வீட்டு வசதி நிறுவனமான என்.எச்.டி.சி.-யில் விசாரிக்கலாம்.

தளம் போட்டதோடு செலவு முடியாது. மேலே ஒட்டிய தார்ப்படலம் பத்துப் பன்னிரண்டு வருடம்தான் தாங்கும். அடுத்தது எனக்கு 69 வயது வாக்கில் வரும். அப்போது சம்பளம் இருக்காது. அதற்காக மாதம் ஒரு சின்னத் தொகையைத் தனிக் கணக்கில் இப்போதே போட்டு வருகிறேன். பேங்க் புத்தகத்தின் அட்டையில் மனைவி 'கூரை' என்று எழுதி வைத்திருக்கிறாள்.

கடைசியாகக் கம்பிகள். மகன் மெல்போர்னில் இருக்கிறான், அங்கேயே வீடு வாங்கிவிட்டான். போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "வெட்டிடுங்க பப்பா" என்றான். மகள் ரோஸ்ஹில்லில் இருக்கிறாள். அவள் மட்டும், "முன்பக்கம் நாலு தூணை விட்டு வைங்களேன்" என்றாள். மற்ற ஐந்து தூண்களில் இருபது கம்பிகளையும் கிரைண்டரால் அறுத்து, தலையில் துரு எடுத்து, சாந்து வைத்து மூடினோம். விட்டு வைத்த நாலு தூண்களிலும் கம்பிகளைச் சுத்தம் செய்து, பி.வி.சி. குழாய் மாட்டி, பின்னால் எளிதாக உடைக்கும்படி சிமெண்ட் குறைத்த கான்கிரீட்டை உள்ளே ஊற்றி அடைத்தோம். குழாய்களின் மேல் பெயிண்டால் தேதி எழுதியிருக்கிறேன், 2022 அக்டோபர் என்று. 2032-ல் ஒரு குழாயை உடைத்துக் கம்பியைப் பார்க்க வேண்டும்.